உறவு என்ற கட்டம்

மார்ச் 3, திங்கள்

இன்று நான்கு லிஃப்ட். மூன்றாவது கட்டடத்தில் கதவு சென்சாரை மாற்றிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். ஜூனில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாளாம், இரண்டு வருட ஒப்பந்தம். பிள்ளையை, என் சுண்டெலியை, தன் அக்கா வீட்டில் விடப்போகிறாளாம். அக்கா வீடு இங்கிருந்து ரயிலில் ஒன்பது மணி நேரம்.

"நான் இருக்கேன்ல? எங்கிட்ட விடு" என்றேன்.

"நீ யாரு?" என்றாள். கோபம்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டாள்.

நான் யாரா? அவள் மகளுக்கு அப்பன். வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். ஸ்க்ரூடிரைவர் கை தவறிக் குழிக்குள் விழுந்தது.

மார்ச் 7

வக்கீலம்மாவைப் பார்த்தேன். கல்யாணம் ஆகாத அப்பாவும் பிள்ளையைக் கேட்கலாமாம். ஆனால் நான்தான் அப்பா என்று முதலில் காகிதத்தில் நிற்க வேண்டும். யாரிடம் வளர்வது என்ற பேச்சு அப்புறம்தான். அங்கேயும் என் ஆசையைப் பார்க்க மாட்டார்கள், பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் பார்ப்பார்கள்.

"அப்பான்னு நீங்க கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதாவது இருந்தா கொண்டுவாங்க" என்றார். ஒன்றென்ன, கட்டுக்கட்டாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மடையன்.

மார்ச் 8

அலமாரியையே கவிழ்த்துவிட்டேன். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கு வெறும் கோடு. ஆஸ்பத்திரிப் படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது, உறவு என்ற கட்டத்தில் 'அண்ணன்'. தடுப்பூசி அட்டையில் 'மாமா'. பள்ளிச் சேர்க்கையில் 'தாய்மாமன்' — அதுவும் அழகான கையெழுத்தில்!

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அவள் மாசமாக இருந்தபோது என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம் என்றேன். அவளுக்கு வீடு பிடிக்கப் போனபோது வீட்டுக்காரரிடம் நான் அண்ணன் என்றேன். ஆஸ்பத்திரியிலும் அதே வாய்தான். தங்கைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எங்கள் கல்யாணப் பேச்சு சண்டை போட்டே தேய்ந்து போனது. இரண்டு தெரு தள்ளி அறை எடுத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் மகளைப் பார்க்கப் போகிறேன். சுண்டெலி என்னை மாமா என்கிறாள். சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

பன்னிரண்டு வருடத்தில் லிஃப்ட் பதிவேட்டில் ஒரு பொய் எழுதியதில்லை. கம்பிவடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் குறித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் — சே!

மார்ச் 12

"எதிர்த்தரப்புக்கு நீங்களே கேஸ் எழுதிக் கொடுத்திருக்கீங்க" என்றார் வக்கீலம்மா. இனி மரபணுப் பரிசோதனைதான். அம்மா சம்மதித்தால் சீக்கிரம் முடியும், இல்லையென்றால் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டும். ஜூனுக்குள் ஆகுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அது என் வார்த்தை. கேட்கவே எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 20

நோட்டீஸ் அவள் கைக்குப் போய்விட்டது. சாயங்காலம் போனேன், கதவைத் திறக்கவில்லை. "மாமா வந்திருக்காரும்மா" என்று சுண்டெலி உள்ளேயிருந்து சொன்னது கேட்டது.

மார்ச் 23

இன்றும் திறக்கவில்லை. அடுத்த வாரமும் இப்படியேவா? ஜூன் வரைக்குமா?

ஏப்ரல் 2

மோட்டார் அறையில் பிரேக்கைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டேன். சீனியர் பிடிபிடியென்று பிடித்தார். என்னடா ஆச்சு உனக்கு என்றதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் அசையவே இல்லை.

"தெரியும்டா. அன்னைக்கு அந்தப் பிள்ளைய ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தியே, உன் மூக்கு அப்படியே இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும். நீ மட்டும்தான் சொல்லல."

ஏப்ரல் 9

நீதிமன்றத்திலிருந்து நல அலுவலர் என் அறையைப் பார்க்க வந்தார். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியுமா என்றார். இரட்டைச் சடையே பின்னுவேன் என்றேன், எழுதிக்கொண்டார். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு அவசரமாகக் கூப்பிட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவர் போனதும் தங்கைக்குப் போன் போட்டு, முதல்முறையாகச் சொன்னேன். "என் கல்யாணத்துக்காகவா இப்படிப் பண்ணீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே?" என்று அழுதாள். அப்புறம் அவளே சொன்னாள், எந்த நேரமானாலும் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விடச்சொல்லி.

ஏப்ரல் 16, புதன்

சமரச அறை. ஒரு மேஜை, எதிரே அவள். வக்கீலம்மா சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"ஆறு வருஷத்துல எத்தனை படிவம் வந்துச்சு? ஒவ்வொரு தடவையும் பேனாவை உங்கிட்டதான் கொடுத்தேன். ஏதாவது ஒண்ணுலயாவது எழுதுவேன்னு பார்த்தேன்" என்றாள்.

ஆமாம். கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் வலியோடு படுத்துக்கொண்டு கொடுத்தாள். எனக்கு அது புரியவே இல்லை. அவளுக்கும் இதுதான் வசதி என்று நினைத்துக்கொண்டேன். பாவி நான், பாவி.

மன்னிச்சிடு என்றேன். "எனக்கு வேண்டாம். பிள்ளைகிட்ட சொல்லு" என்றாள். பரிசோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மே 6

முடிவு வந்தது. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் காகிதத்தை இரண்டு முறை படித்தேன்.

மே 23

உத்தரவு. நான்தான் அப்பா. பிள்ளை இரண்டு வருடம் என்னிடம் இருப்பாள், தினமும் அம்மாவோடு வீடியோவில் பேச வேண்டும், அம்மா திரும்பி வந்ததும் மறுபடி பார்ப்பார்கள். அவள் அக்கா என் முகத்தைப் பார்க்காமலே போனாள். அவள் மட்டும் படியில் நின்று, பிள்ளைக்கு எந்த இருமல் மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மே 25, ஞாயிறு

இருவருமாக உட்கார்ந்து சொன்னோம். சுண்டெலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ மாமா யாரு?"

நான் யோசிப்பதற்குள் அவள் பிஸ்கட் கேட்டாள். கொடுத்தேன்.

ஜூன் 1

அவளை விமான நிலையத்தில் வழியனுப்பினோம். வரும்போது பஸ்ஸில் சுண்டெலி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கசங்கிய சட்டையை இன்னும் மாற்றவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளியில் புதுப் படிவம். பெயர், முகவரி, அப்புறம் உறவு. 'தந்தை' என்று எழுதினேன். கோணல்மாணலாக வந்தது.

கிளார்க் பழைய கோப்பை எடுத்தார். "இதுல தாய்மாமன்னு இருக்கே சார். எது சரி?"

நீதிமன்ற உத்தரவை எடுக்கப் பையைத் துழாவினேன். அதற்குள் சுண்டெலி எக்கி மேஜையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்:

"அது மாமா முன்னாடி தப்பா எழுதிட்டாரு. இப்ப திருத்திட்டாரு."

கிளார்க் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.