காற்று திரும்பட்டும்

என்னங்க,

நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தைக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒரு கூத்து. நாங்கள் தக்காளி வளர்ப்பது கண்ணாடிக் கூடத்துக்குள். தண்ணீர், சூடு எல்லாமே சுவிட்சில்தான். போன வாரம் வெளியே இடி இடித்ததும், ஓடிப்போய், பறித்து வைத்த தக்காளிப் பெட்டிகள்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். "ஏம்மா, மேலே கூரை இருக்குல்ல?" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்ததால்தான், வேறொன்றுமில்லை.

லாரியை விட்டு இப்போதுதான் விவசாயத்தில் இறங்கியிருக்கிறீர்கள். முதல் தூறலுக்கே விதைத்துவிடாதீர்கள். மேற்கேயிருந்து மேல்காற்று கொண்டுவரும் மழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். நமக்கு வெறும் சாரல்தான். காற்று வடகிழக்குக்குத் திரும்பட்டும், அதுதான் நம் மழை. பிறகு களிமண் பள்ளத்தில் நெல், மேட்டுச் செம்மண்ணில் நிலக்கடலை. ஹாரன் அடித்தால் மழை ஓடி வராது, பொறுங்கள். காற்று திரும்பியதும் எனக்கு ஒரு போன் போடுங்கள், எந்த நேரமானாலும் சரி.

வரப்போரம் ஒரு வரிசையை நான் வந்து நடுவதற்கு விட்டுவையுங்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். லீவு தையில்தான். மழை எனக்காகக் காத்திருக்குமா? நீங்களே நட்டுவிடுங்கள். அறுக்கும்போது மட்டும் அந்த வரிசையைத் தொடாதீர்கள்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. நான் மழை இல்லையே, ஓடித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி