மூன்று வெள்ளைக் கோடு

1 ஆகஸ்ட் 1987, சனி

காலையில் தூறல். கிள்ளான் முழுக்க ஈரம். நாளை மலை ஏற வேண்டும், மகன் செல்வத்தின் தொழிற்சாலை ஆட்களோடு. ரவாங் பக்கம். எடுத்து வைத்தவை: ரப்பர் சப்பாத்து, உப்பு (அட்டைக்கு), தைலம், சுருட்டு இரண்டு.

"எழுபத்தொரு வயசுல மலையா மாமா?" என்றாள் மருமகள். சர்வே ஆபீசில் அளவுச் சங்கிலி இழுத்த காலத்தில் நான் ஏறிய மலைதான். முப்பத்தைந்து வருடம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை நம் முனியாண்டிக்குப் புதுப் பீடம். கோயிலில் சாமிக் கல்லைச் சிமெண்டில் பதிக்கிறார்கள்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

கால் இரண்டும் மரக்கட்டை. எழுத்து கோணல். பள்ளிக்கூடம் மிதிக்காதவன், சினிமா நோட்டீஸ் பார்த்து எழுத்துக் கூட்டியவன். மற்ற நாளும் கோணல்தான், இன்று அதிகம்.

வழிகாட்டி ஆவாங், அந்தக் காட்டுப் பழங்குடி, ஓராங் அஸ்லி. பழைய வழக்கத்தில் "சக்காய்" என்றேன். செல்வம் முழங்கையால் இடித்தான். "அப்படிச் சொல்லாதீங்கப்பா. அடிமைன்னு அர்த்தம்." எனக்குத் தெரியாது. எல்லாரும் அப்படித்தான் சொன்னோம்.

அருவிச் சத்தம், மெரந்தி மரங்கள், பாறை வளைவு, எல்லாம் அப்படியே. உச்சியில் சர்வே தூண், துருப்பிடித்து. பக்கத்தில் தலையணை அளவு பள்ளம். ஆவாங் சிகரெட் பற்றவைத்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். இங்கே ஒரு 'பத்து' இருந்தது, எங்கள் மோயாங் என்றார். மலாயில் பத்து என்றால் கல். மோயாங் என்றால் முன்னோர்.

"ஒரே கல்லு பத்துன்னா மிச்சம் ஒம்பது எங்க லா?" என்றான் செல்வத்தின் கூட்டாளி மணியம். சிரித்தார்கள். நானும்.

பிறகு ஆவாங் சொன்னார். கல்லில் மூன்று வெள்ளைக் கோடு. பெருவெள்ளத்தில் பாட்டனார் பிடித்துக்கொண்ட மூன்று விரலின் தடம்.

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றது.

எடுத்தவன் நான். தூண் நட இடைஞ்சல், உருட்டித் தள்ளு என்றார் வெள்ளைக்காரத் துரை. மூன்று கோட்டைப் பார்த்தேன். திருநீற்றுப் பட்டை. சாமியை எப்படி உருட்டுவது? சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து இறங்கினேன். லோரியில் கிள்ளான். தண்டவாளத்து ஓரம் மரத்தடியில் வைத்தேன். அதுதான் நம் முனியாண்டி.

"ஏம்ப்பா, பேச்சையே காணோம்?" என்றான் செல்வம். அட்டை கடிச்சிருச்சு என்றேன்.

ஆவாங் சொன்னதில் எழுத மனமில்லாமல் விட்டது: அவர் அப்பா. கல்லுக்குக் காவல் அவர். கம்யூனிஸ்டு கலவரத்தில் அவர்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தால் கல் இல்லை. வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டார் என்று சொந்த ஆட்களே ஒதுக்கினார்கள். அந்தப் பெயரோடு செத்தார்.

3, திங்கள்

கோயில் தலைவர் கோவிந்தனிடம் சொன்னேன்.

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு சாமிக்கு அடையாளக் கார்டு கேக்குறீங்களாண்ணே?"

"வெளையாடாத கோவிந்தா."

"வெளையாடல. என் மகளுக்குப் பேச்சு வந்தது இவராலதான். வெளிய சொல்லிடாதீங்க."

உண்மை. மீனா ஐந்து வயது வரை ஊமை. இந்தக் கல் முன்னால்தான் முதல் வார்த்தை. இப்போது பேங்கில் வேலை.

4, செவ்வாய்

நல்ல மழை. ரவாங் பஸ். ஆவாங் சாலையோரம் பெத்தாய்க் காய் விற்றுக்கொண்டிருந்தார். கல்லை நான் எடுத்தேன், உங்கள் அப்பா இல்லை, அது கிள்ளானில் என்றேன். என் மலாய் இவ்வளவுதான். அடிப்பார் என்று நின்றேன். கட்டியிருந்த பெத்தாயை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.

6, வியாழன்

வந்தார். கல் முன்னால் குந்தினார். சந்தனம், குங்குமம், வெள்ளிக் கண். மூன்று விரலைக் கோட்டின் மேல் வைத்தார். எடுக்கவே இல்லை.

பிறகு கேட்டார்: கண் வைத்திருக்கிறீர்களே, இவர் எப்போது தூங்குவார்?

கோவிந்தன் டீ வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டான்.

ஞாயிறு தன் ஊர் ஆட்களைக் கூட்டி வருவாராம். அவர்கள் முன்னால் நான் சொல்ல வேண்டும். கல்லை அவர்கள் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அப்பா பெயர் நிமிரும். சரி என்றேன்.

7, வெள்ளி

ஏழு மணிக்கே கொத்தனார். ஞாயிறு வரை பொறு என்றேன். "நேரம் குறிச்சாச்சுண்ணே. ஐயர் வந்துட்டாரு." கோவிந்தன் கேட்கவில்லை.

பீடத்துக்குத் தோண்டிய குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். முழங்காலளவு. இங்கேயிருந்துதான் எழுதுகிறேன். "எந்திரிங்க தாத்தா, சிமெண்டு காயுது," என்று கொத்தனார் மூன்று தடவை. கோவிந்தன் என் பக்கமே பார்க்கவில்லை.

இப்போது மீனா வந்திருக்கிறாள். அப்பாவிடம் ஏதோ கேட்டாள், என்னைப் பார்த்தாள். நேரே கல்லிடம் போனாள். ஆவாங் கேட்டது இவள் காதுக்கும் போயிருக்க வேண்டும். நகத்தால் வெள்ளிக் கண்ணைக் கழற்றுகிறாள். ஒன்று வந்துவிட்டது.