பீரங்கிக்குப் பின்னால் ஒரு வரிசை

லட்லோ,
ஞாயிறு, இன்னும் மழை.

அன்புள்ள ஹெட்டி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நனைந்த நலம். நியூசிலாந்தில் நீ வெயில் காயும் படம் வந்தது. அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

நேற்று அம்மாவுக்கு வழிகாட்டித் தேர்வு. ஊரைச் சுற்றிக்காட்ட பேட்ஜ் வேண்டுமென்றால், நிஜமான பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு நடந்து காட்ட வேண்டும். தேர்வாளர் யாரென்று சொல்லமாட்டார்கள், கூட்டத்தோடு கூட்டமாக வருவார். ஆள் சேராவிட்டால் தேர்வு அடுத்த வருடம்தான். "நீ கண்ணாடி முன்னாடி மட்டும்தாம்மா பேசுவ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாயே, அன்றைக்குப் பிடித்த வெறி இது.

நேற்றைய மழையில், சுற்று தொடங்க வேண்டிய கோட்டை வாசல் பீரங்கியருகே ஒரு புறாகூட இல்லை. அம்மா மூலை தேநீர்க்கடைக்குள் ஒதுங்கிக் குறிப்புகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் கிட் என்ற என் சிநேகிதனை இழுத்துப்போய்ப் பீரங்கிக்குப் பின்னால் நிறுத்தி, அவனுக்குப் பின்னால் நானும் நின்றேன். உம்மென்று, நேராக. அவ்வளவுதான் செய்தேன்.

பிளாஸ்டிக் மழைத்தொப்பி போட்ட ஒரு பெண்மணி வந்தார். "இது எதுக்கும்மா வரிசை?" என்றார். "சரியாத் தெரியலைங்க. சீக்கிரம் வந்தா நல்லதுன்னாங்க" என்றேன். உடனே எனக்குப் பின்னால் நின்றுவிட்டார். அடுத்து, தன்னைவிட நல்ல மழைக்கோட்டு போட்ட நாயோடு ஒருவர். "கொட்டுற மழையில நிக்கிறாங்கன்னா சும்மாவா நிப்பாங்க?" என்று நாயிடம் விளக்கினார். பிறகு நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு வரிசையைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும்.

அம்மா வெளியே வந்தபோது வரிசை சந்தைக் கூடாரம்வரை நீண்டிருந்தது. "நீங்கல்லாம்... ஊர் சுத்திப் பாக்கவா?" என்றாள். எதற்கென்று தெரியாமல் நின்றோம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? "பின்ன வேறெதுக்கு?" என்றார் நாய்க்காரர்.

ஆனால் அம்மாவுக்குக் குரல் எழவில்லை, அக்கா. குறிப்புத்தாள் கஞ்சியாகிவிட்டது. "ஒண்ணும் கேக்கல தங்கம், மழைகூட உன்னவிட சத்தமா பேசுது" என்று பின்னாலிருந்து ஒரு தாத்தா. அம்மா குடையை மடக்கினாள். பீரங்கி மேடையில் ஏறினாள். கத்த ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தவே இல்லை. கல் வழுக்கும் சரிவுகளிலெல்லாம் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனாள். ஒருவர்கூடக் கழன்றுகொள்ளவில்லை.

கடைசியில் பிராட் கேட். பழைய ஊர்மதிலின் வாசலான அந்த வளைவு வழியாகத்தானே பெட்டியை உருட்டிக்கொண்டு போனாய்? அங்கே அம்மா சொன்னாள்: "அந்தக் காலத்துல பொழுது சாஞ்சா இத மூடிருவாங்க. வெளிய போனவங்க வெளியதான். இப்ப கதவே கிடையாது. யாரும் எப்ப வேணா திரும்பி வரலாம்." இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை யாரையும் பார்க்காமல்.

மழைத்தொப்பிப் பெண்மணிதான் தேர்வாளர். "ஆள் இல்ல, ரத்துன்னு சொல்லத்தான் வந்தேன். வரிசையப் பாத்ததும் காலு தானா போய் நின்னுடுச்சு" என்று என் காதில் மட்டும் சொன்னார். அம்மா தேறிவிட்டாள். பேட்ஜை இரவு உடையிலும் குத்திக்கொள்கிறாள்.

ஏப்ரல் முதல் ஞாயிறு அவளுடைய முதல் சுற்று. வரிசையில் எனக்குப் பின்னால் உனக்கு இடம் பிடித்துவைப்பேன். யார் முறைத்தாலும் "எங்க அக்கா வந்துக்கிட்டிருக்கா" என்பேன். நான் சொன்ன புளுகுகளில் இந்த ஒன்றையாவது நிஜமாக்கிவிடு.

உன் வருகைக்கு நனைந்தபடி நிற்கும்
தங்கை வின்னி