‘ந’ என்றால் நனைக்காதே

என் அருமை டாக்டரம்மாவுக்கு,

பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று சண்டைக்கு வருவாய். வா, பார்த்துக்கொள்ளலாம். இங்கே நானும் சின்னவளும் நலம். கணக்குப் பரீட்சையில் எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். மீதி இருபத்திரண்டு எங்கேடி என்று கேட்டால், அம்மா பெட்டியோடு போய்விட்டது என்கிறாள். வாய் அப்படியே உன்னுடையது.

நேற்று போனில் நீ அழுதாய். நாளெல்லாம் இரும்பைப் பற்றவைக்கிறவனுக்கு ஆறுதல் சொல்ல வருமா? அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலையில் இலைகளை ஐஸ் பெட்டியில் எடுத்துப்போக உங்கள் ஆய்வகத்து ஓட்டுநர் வருவார். அவரிடமே இதையும், செடிகளைப் பற்றி நான் தினமும் குறித்த நோட்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், போனில் பாதியை முழுங்கிவிட்டேன். கல்லூரிக் கண்ணாடிக்கூடத்தில் கூரை வேலை நடக்கிறது என்று இருபத்துநான்கு தக்காளித் தொட்டிகளையும் நம் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தாய். பன்னிரண்டில் ‘வ’, பன்னிரண்டில் ‘ந’ என்று எழுதினாய். பத்து நாள் நீயே பார்த்தாய். பாதியைக் காயப்போட வேண்டும், பாதிக்கு ஊற்ற வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இலைகளைச் சோதிக்க வெளியூர் ஆய்வகத்துக்குக் கிளம்பிய அன்று, ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், எழுத்தைப் பார்த்து ஊற்றுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாய். உனக்கு ‘வ’ என்றால் வறட்சி, ‘ந’ என்றால் நனைப்பு. எனக்கோ ‘வ’ என்றால் வழக்கம்போல் ஊற்று, ‘ந’ என்றால் நனைக்காதே! ‘வ’ செடிகள் வாடியிருந்ததைப் பார்த்தேன்தான். பாவம், நீ ஊருக்குப் போன கவலை என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது நாள், ஒரு நாள் தவறாமல், அளவுக் குவளை வைத்துத் தலைகீழாகச் செய்தேன். இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்தவன் இந்தத் தெருவில் வேறு யாருமில்லை.

‘வ’ செடியெல்லாம் துவண்டிருக்குமே என்று நீ எழுதியதைப் படித்ததும் மாடிக்கு ஓடினேன். அவை புதுமாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றன. அன்றைக்கே மாற்றினேன், உன்னிடம் சொல்லத்தான் நேற்றுவரை தைரியம் வரவில்லை. ‘ந’வுக்குத் தண்ணீர், அடுத்த ஒன்பது நாள் ‘வ’வுக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை.

இனி நான் கண்ணால் பார்த்தது. பொருளை நீ சொல். என் தப்பால் காய்ந்த ‘ந’ செடிகளுக்கு நாலாம் நாளே தலை தொங்கியது. ஒன்பதாம் நாள் அடி இலைகள் ஓரம் கருகி நொறுங்கின. ஆனால் ‘வ’ செடிகள் முன்பே உன் கையில் பத்து நாள் பட்டினி கிடந்தவை. இரண்டாம் முறை காயப்போட்டபோது மதியத்தில் லேசாகச் சோர்ந்தன, மாலையில் எழுந்துகொண்டன. இன்று ஒன்பதாம் நாள். ஒன்றுகூடக் கருகவில்லை. இலையைத் திருப்பினால் அடியில் செந்நீலம் படர்ந்திருக்கிறது. இரண்டு தடவையும் வெயில் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பமானி பார்த்து மூன்று வேளையும் குறித்திருக்கிறேன்.

நீ ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். தண்ணீர் இல்லாவிட்டால் இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது, உள்ளே வேலை நின்றுவிடுகிறது, வெயில் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறது, அப்போது ஆக்சிஜனே முறுக்கிக்கொண்டு இலையை அரிக்கிறது. அதை அடக்கும் பொருட்களையும் இலையே தயாரிக்கிறது என்று. இரும்பை அரிப்பதும் அதே ஆக்சிஜன்தானே. இரும்புக் கேட்டில் துரு ஏறாமலிருக்க நாங்கள் ரெட் ஆக்சைடு அடிக்கிறோம், செடி தனக்குத்தானே அடித்துக்கொள்கிறது என்று பட்டறையில் எடுத்துவிட்டேன். பெயிண்டர் அண்ணன், எத்தனை கோட்டிங்குப்பா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவரே மாடியேறி வந்து, இரண்டு வகை இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்க வீட்டம்மா லேசுப்பட்ட ஆள் இல்லப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினாறு வருஷம் பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவியவள் நீ. நாற்பது வயதில் படிக்கக் கிளம்பியபோது, இனிமேல் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா என்று உன் அண்ணனே கேட்டார். எனக்கும் அப்போது உள்ளுக்குள் சந்தேகம்தான். இன்று அதற்கு வெட்கப்படுகிறேன். பட்டினி கிடந்த செடிதான் தாங்குகிறது என்று இதை உனக்கு உவமையாக்க மாட்டேன். செடி வாயைத் திறக்காது, நீ அப்படியா?

இப்போது முக்கியமான விஷயம். புதன்கிழமை உன் ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன்னால் போய், செடியில் நோய் விழுந்துவிட்டது, ஆய்வைக் கைவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாய். ஏன் பொய் என்று கேட்டேன். அப்போதுதான் அழுதாய். எனக்குப் புரியாதா? வெல்டர் புருஷன் எழுத்து மாறித் தண்ணீர் ஊற்றினான் என்று அந்தப் படித்தவர்கள் சிரிப்பார்கள், அதை உன்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

சிரிக்கட்டுமே. நடந்ததை நடந்தபடி சொல். வாரந்தோறும் பெட்டியில் வந்த இலைகள் உன்னிடம் இருக்கின்றன, என் நோட்டும் வந்துவிடும். அவர்கள் தள்ளினால் தள்ளட்டும், மறுபடி விதைப்போம். மண் சலித்து வைத்திருக்கிறேன். இந்த வீடு உனக்காகத் திறந்தேதான் இருக்கிறது, ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு மட்டும் வந்துவிடாதே.

யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் என்று சொல். தலையைக் குனியாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொல். உன்னோடு அந்த அறைக்குள் வர எனக்கு வேறு வழியில்லை.

நல்லபடியாக நடக்கும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்