நாவுல என்றதும் துள்ளிய நாடி

இன்று மாத்தளை பஸ் நிலையத்தில் கொண்டக்டர் "நாவுல, நாவுல" என்று ஊர்ப்பேரைக் கூவினான். என் விரல்கள் தாமாகவே மறுகை மணிக்கட்டைப் பிடித்தன. எல்லாம் நீ பழக்கிவிட்டது. நீ கண்மூடிய பிறகும் விட்டபாடில்லை.

நீ யூனானி வைத்தியம் படிக்கக் கிளம்பியபோது நம் சிநேகிதிகளில் சிரிக்காதவர்களே இல்லை. "இப்னு சீனா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பாரசீகத்துல பாத்த வைத்தியம்டி, சும்மாவா?" என்பாய். அந்த ஆள் மாத்தளைக்கு எந்த பஸ்ஸில் வருவார் என்று நானும் கேலி செய்தேன்.

பிறகு என் மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு நாவுலக்குப் போனாள். அவள் பேரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்றார் என் வீட்டுக்காரர். சொன்னவரே சாப்பாட்டை விட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்து நோயே இல்லை என்றார்கள். மனுஷர் துரும்பாய்ப் போனார். உன்னைக் கூப்பிட்டேன்.

நீ அவர் நாடியில் விரல் வைத்தபடி, கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா ஊர்க்கதை பேசினாய். பலாபத்வலயில் மழையாம், கலேவெலயில் கத்தரிக்காய் மலிவாம். அவர் கண்ணை மூடி உம் கொட்டினார். நாவுல என்றதும் உன் புருவம் ஏறியது. கொஞ்சம் பொறுத்து, தற்செயல் போல மறுபடியும் நாவுல என்றாய்.

குசினிக்கு வந்து, அடுப்படியில் நின்ற என் காதில் சொன்னாய்: "வாய் மறைச்சதை நாடி சொல்லிடுச்சுடி."

வாடிப்போன ஓர் இளைஞனின் நாடியைப் பிடித்து, ஊர்ப்பெயர், தெருப்பெயர் சொல்லியே அவன் காதலியை இப்னு சீனா கண்டுபிடித்த கதையை அப்போதுதான் சொன்னாய். என் வீட்டுக்காரரிடம் மட்டும் அதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"இந்தக் கசாயத்தைக் குடிச்சிட்டு காத்தாட பஸ்ல போயிட்டு வாங்கண்ணே. நாவுல வரைக்கும் போனா போதும்."

போனார். மகளோடு திரும்பி வந்து, சோறு போடச் சொன்னார்.

கசாயம்தான் சுகமாக்கியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீதான் தடுத்தாய். "அப்படியே இருக்கட்டும்டி. மானத்தோட சுகமாகட்டும்."

போன வாரம் பேத்தி வந்தாள். ஏனோ கோபம், சாப்பிட மாட்டேன் என்றாள். அவர் அவளை மடியில் இருத்தி, மணிக்கட்டைப் பிடித்து, உன்னைப் போலவே முகட்டைப் பார்த்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார். பள்ளிக்கூடம் என்றார், பூங்கா என்றார், ஐஸ்கிரீம் கடை என்றார்.

இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"அன்னைக்கு அவங்க பிடிச்சது என் கையைத்தானே? எனக்குத் தெரியாதா?" என்றார்.

அந்த இப்னு சீனா மாத்தளைக்கு வந்துதான் விட்டாரடி. கூட்டிக்கொண்டு வந்தது நீ.