ஒன்பதாம் அத்தியாயத்தில் நான்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. அசாம் ஜாவா சாலையில் கணுக்கால் தண்ணீர். குடை பிடித்தபடி மோட்டார் சைக்கிள் ஓட்டி, டவுனில் கடை திறந்தேன். நனையாத பொருள்: குடையின் கைப்பிடி மட்டும்.

ரோட் டெக்ஸ், இன்சுரன்ஸ் புதுப்பிக்க மூன்று பேர். அதில் ஒரு லோரிக்காரர் என் ஞாயிற்றுக்கிழமை நகைச்சுவைப் பத்தியை வாசித்தாராம். “நல்லாதான் இருக்கு சார். எங்க சிரிக்கணும்னு ஒரு குறி போட்டா இன்னும் நல்லாருக்கும்.”

மத்தியானம் பரமேஸ்வரி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என் வகுப்பு. அவள் தோட்ட ஆபீஸ் கிராணி வீட்டுப் பெண், நான் தொழிலாளர் லயத்துப் பையன்; அந்தக் காலத்திலேயே என் கட்டுரையை ஆசிரியருக்கு முன்னால் அவள் திருத்திவிடுவாள். கையில் தடித்த தாள் கட்டு. சொந்தமாக எழுதிய முதல் நாவல். வெள்ளிக்கிழமை அச்சகம் போக வேண்டும்.

“ஒரு அத்தியாயம் அதிகம் குணா. கதை எங்கியோ நின்னு போவுது. எங்கன்னு எனக்குப் புடிபடல. நீ சொல்லு, தூக்கிடறேன்.”

இத்தனை வருஷம் மற்றவர்கள் புத்தகத்தைப் போட்டாள், மற்றவர்கள் வாய்க்கு வசனம் எழுதினாள். அட்டையில் அவள் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. டிவி நாடகக்காரி எழுதியது நாடகமாகத்தான் இருக்கும் என்று சொல்ல நாலைந்து பேர் தயாராக நிற்கிறார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். கை மட்டும் கட்டின் நூலை முறுக்கிக்கொண்டே இருந்தது.

என் கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்தவள் இவள்தான். பாதியை வெட்டி எறிந்துவிட்டு, “இப்பதான் புத்தகம் மெலிஞ்சு அழகாயிருக்கு” என்றாள். சிவப்புப் பேனா புதிதாக வாங்கிவிட்டேன். வட்டியோடு திருப்பித் தர வேண்டாமா?

நவ. 4, செவ்வாய்

மழை விட்டது. கடையில் ஈ கூட இல்லை. பாதி நாவல் முடிந்தது. பேனா மூடியைத் திறக்கவே வாய்ப்பில்லை. எரிச்சல்.

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற அக்கா. பக்கத்து வீட்டிலேயே, வருஷக்கணக்காகப் பேசாத தங்கை. அவ்வளவுதான் கதை. ஆனால் லோரி வளைவில் திரும்பும் சத்தத்தை வைத்தே, அக்கா இன்று சாப்பிட்டாளா இல்லையா என்று தங்கை கண்டுபிடித்துவிடுகிறாள். இதை எங்கே போய்க் கற்றாள் இவள்?

ப.வின் அவதாரங்கள், எனக்குத் தெரிந்த வரை:

— பதிப்பாளர். ராசா டவுனில் ஒரு கடை மாடி. பயிற்சி நூல்களை வேனில் ஏற்றித் தோட்டப் பள்ளிகளுக்கு அவளே ஓட்டிக்கொண்டு போவாள். அதில் வந்த காசைக் கவிஞர்கள் மேல் கொட்டுவாள். கவிஞர்கள் நன்றி சொன்னதில்லை. அட்டை நிறம் சரியில்லை என்றார்கள்.

— திரைக்கதை. புத்தகம் படுத்ததும் டிவிக்குப் போனாள். பாசிர் பெனம்பாங்கில் படப்பிடிப்பு, கதாநாயகன் வரவில்லை. மீன் சாப்பாட்டுக் கடை மேசையிலேயே அவனைக் கோமாவில் படுக்க வைத்து, நாலு காட்சி எழுதிக் கொடுத்தாள், நண்டு ஆறுவதற்குள். கண்ணால் பார்த்த சாட்சி நான். நண்டையும் நான்தான் கவனித்தேன்.

— படப்பிடிப்பில் நடிகையின் இடது கையில் இருந்த வளையல் அடுத்த காட்சியில் வலது கைக்கு மாறினால் போதும், மொத்தக் குழுவையும் நிறுத்திவிடுவாள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சிசிடிவி’.

பொறாமையா? கொஞ்சம். மீதியெல்லாம் மரியாதை. இரண்டும் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது.

நவ. 6, வியாழன்

அத். 9. குடை மாணிக்கம் என்று ஒருவன் வருகிறான். வழுக்கை. வெயிலிலும் குடையோடு மோட்டார் சைக்கிள். இன்சுரன்ஸ் ஏஜெண்ட். லோரிக்கு இன்சுரன்ஸ் போட வந்து, அரட்டையடித்து, கோழியைத் துரத்தி, சாக்கடையில் விழுந்து, எழுந்து, அங்கிருந்தபடியே பாலிசி விளக்குகிறான்.

வீட்டில் சுசிலா படித்துவிட்டுச் சோபாவைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். “என்னங்க, இது நீங்கதான். தொப்பைய மட்டும் பாவம் பாத்துக் கொறைச்சிருக்காங்க.”

மூன்று தடவை படித்தேன். கடைக்கு வந்த அந்த லோரிக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். குறி எதுவும் கேட்கவில்லை, சிரித்தார்.

அப்புறம்தான் வினை. எட்டின் கடைசி வரி: சோற்றுப் பாத்திரத்தோடு அக்கா வீட்டு வாசலில் தங்கை, கதவைத் தட்டக் கை தூக்குகிறாள். பத்தின் முதல் வரி: கதவு திறக்கிறது. நடுவில் மாணிக்கம் சாக்கடையில் கிடக்கிறான். தூக்கிய கையோடு அந்தப் பெண் ஒரு அத்தியாயம் முழுக்கக் காத்து நிற்கிறாள்.

கதை நின்றுபோகும் இடம் நான்தான்.

வேறு யாரையாவது மாட்டிவிட முடியுமா என்று தேடினேன். அத். 12, கோயில் திருவிழா. தலைப்பின் மேல் சிவப்புக் கோடு போட்டேன். திரும்பப் படித்தேன். தேர் வரும்போது அக்கா லோரியை ஓரம் கட்டுகிறாளே, அந்த இடம். வெட்கமாகிவிட்டது. சிவப்புப் பேனாவை அழிக்க முடியாது என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

சு.விடம் சொன்னேன். “இருந்துட்டுப் போவட்டுமேங்க. உங்கள வேற யாரு புத்தகத்துல போடப் போறா?”

நியாயமான கேள்வி.

நவ. 7, வெள்ளி

தூறல். அச்சகம் போகிற வழியில் ப. வந்தாள். வாடிக்கையாளர் ஒருவரின் தாள்களை ஸ்டேப்பிள் செய்தபடி, நிமிராமல், “ஒன்பது” என்றேன்.

மேசை மேலிருந்த நாவல் கட்டின் நூலை அவிழ்த்தாள்.

“நல்ல அத்தியாயம் லா அது.”

“ரொம்ப நல்லது. அதனாலதான் கதைய மறந்துட்டு அதையே பாக்குறோம்.”

“மாணிக்கம் யாருன்னு தெரிஞ்சிச்சா?”

“யாரோ ஒரு வழுக்கையன்.”

“எட்டையும் பத்தையும் சேத்துப் படிச்சியா?”

“படிச்சேன். கதவு தொறந்துச்சு.”

ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் உருவி என் மேசையில் வைத்தாள். மீதிக் கட்டைத் தட்டிச் சமன் செய்தாள். பன்னிரண்டின் தலையில் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். போய்விட்டாள்.

துக்கத்துக்கு மீ கோரேங். இரண்டு தட்டு.

நவ. 13, வியாழன்

மறுபடி மழை. அச்சுக்கு முன் பிழை பார்க்கக் கடைசிப் பிரதி வந்தது. மாணிக்கம் இல்லாமல் கதை லோரி மாதிரி இறங்கி ஓடுகிறது. தங்கை கதவைத் தட்டிய இடத்தில் கண்ணாடியைத் துடைத்தேன். மழைச்சாரல் என்று சு.விடம் சொன்னேன்.

பக்கம் 112. அக்காவும் தங்கையும் வாசலில் நிற்கிறார்கள். அடுத்த வரி: ‘வளைவில் மாணிக்கத்தின் குடை மறைந்தது.’

எந்த மாணிக்கம்? புத்தகத்தில் இப்போது அப்படி ஒரு ஆளே கிடையாது. வெட்டும்போது தவறிய வரி. அடிக்க வேண்டியது. பேனாவைத் திறந்தேன். மூடினேன். தேநீர் போடப் போனேன். வந்து பார்த்தேன், குடை இன்னும் வளைவில்தான்.

சாயங்காலம் போன். ப.தான்.

“112 பாத்தியா?”

“பாத்தேன்.”

“பிழை ஏதாச்சும்?”

“என் கண்ணுல ஒன்னும் படல.”

அவள் பக்கமும் மழைச் சத்தம்.

“எனக்கும் படல” என்றது சிசிடிவி.