ஒத்திகை நோயாளி

டாக்டர் ஐயாவுக்கு,

புற்றுநோய் அறுவைப் பயிற்சியில் நீங்கள் சேர்ந்த புதிதில், நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்வதற்கென்றே ஒரு தேர்வு வைத்தார்கள். அதற்கான ஒத்திகையில் ஒரு மாதம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான்தான் உங்கள் நோயாளி. முதலில் போனை அணைக்க வேண்டும். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும். "இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்க வேண்டும். செய்தியைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான் நிஜமாகவே அழுதுவிடுவேன். "அசத்துறடி!" என்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்தபோதே, கெட்ட செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நம்மளப் பத்தி உனக்கு என்ன தோணுது, சொல்லு" என்றீர்கள். பிறகு சொன்னதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. வக்கீல் காகிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தீர்கள். நான் அழவில்லை, உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

மற்றபடி குறையே இல்லை. தேர்வு வைத்த பேராசிரியர் பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். எழுந்து போகும் முன் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியை மட்டும், ஒவ்வொரு ஒத்திகையிலும் மறந்தது போலவே, அன்றும் மறந்துவிட்டீர்கள்.

"வீட்டுல உங்ககூட யாரு இருக்காங்க?"

இப்படிக்கு,
உங்கள் முதல் நோயாளி